ஷைலோ போர்க்களம்: தளபதியின் நூலும் சிப்பாயின் நூலும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்த தன்வரலாறுகளில் தளபதியின் நூலைப் போர்த்திட்டத்துக்கும் சிப்பாயின் நூலை மனிதத் துயருக்கும் சான்றாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. 1862 ஏப்ரல் 6, 7 ஆகிய நாள்களில் நிகழ்ந்த ஷைலோ போர் இப்பகுப்பை ஐயுறச் செய்கிறது. வடக்குப் படைக்குத் தலைமை தாங்கிய கிராண்ட், மருத்துவமனையாக்கப்பட்ட மரக்குடிலில் காயமுற்றோர் படும் வேதனையைக் காணப் பொறாது, முதல் நாளிரவு கொட்டும் மழையில் மரத்தடிக்கே திரும்பியதைப் பதிவுசெய்கிறார். எனினும், அரண் அமைக்காமல் பாளையமிறங்கியது பற்றிய குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் இடத்தில் அவர் நடை வழக்காடும் தொனி கொள்கிறது. புதிய படையினருக்கு மண்வெட்டியைவிடப் பயிற்சியே தேவைப்பட்டது என்கிறார். நினைவு அங்கே தற்காப்பாகிறது.

எதிரணியில், டென்னசி முதலாம் காலாட்படைப் பிரிவில் நின்ற சாம் வாட்கின்ஸ், தாம் கண்டதை மட்டுமே எழுதுவதாகக் கூறிப் போரின் போக்கை வரலாற்றாசிரியரிடம் விட்டுவிடுகிறார். இவ்வடக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. தம் தளபதி பிராக் மீது அவர் வழங்கும் தீர்ப்புகள் மிகக் கடுமையானவை. அவை எழுதப்பட்டதும் போர் முடிந்து ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்குப் பின், செய்தித்தாள் வாசகருக்காக. ஆயினும் 1861இல் தம் கம்பெனியில் சேர்ந்த 120 பேரில் சரணடைவின்போது 7 பேரே எஞ்சியதாக அவர் கணக்குத் தருகிறார். குடிலின் காட்சியைத் தளபதியும் இழப்பின் எண்ணிக்கையைச் சிப்பாயும் எழுதியிருப்பதை, மேற்சொன்ன பகுப்பைக் கொண்டு விளக்க இயலாது.