இசைத்தட்டும் திறனாய்வும்

நம் நாளிதழ்களில் நூலுக்கு மதிப்புரை உண்டு. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் மதிப்புரை உண்டு. இசைத்தட்டுக்கு மதிப்புரை வருவது அரிது. வந்தாலும் அது பாட்டின் சொற்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எதுகை நன்று, கருத்து நன்று, லகர ளகர வேறுபாடு விளங்கவில்லை என்று கூறி முடிந்துவிடுகிறது. சொல்லே இல்லாத இசை ஒன்று வந்துவிட்டாலோ எழுதுவோர் கை அப்படியே நின்றுபோகிறது. இக்குறைக்கு முதற்கண் பொறுப்பேற்க வேண்டியவர் தமிழாசிரியர்களாகிய நாமே. சொல்லைக் காப்பது நம் கடன் என்று கொண்டோம். ஓசையை யாரேனும் காத்துக்கொள்வர் என்று விட்டுவிட்டோம்.

இளங்கோவடிகள் அவ்வாறு விடவில்லை. அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். கவிஞன் அவர்களுள் ஒருவனே. தோலை அடிப்பவனுக்கும் துளையை மூடித் திறப்பவனுக்கும் தனித்தனி இலக்கணம் கண்ட நூலை வகுப்பிலே நடத்துகின்ற நாம், இன்றைய இசையைக் கேட்கும்போது மட்டும் கவிஞனைத் தவிர மற்றெல்லாரையும் மறந்துவிடுகின்றோம்.

இன்று நம் நாட்டு இளைஞர் பலர், பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல், வீட்டு அறையிலேயே கணினியைக் கொண்டு இசை செய்து இணையத்தில் வெளியிடுகின்றனர். 'இண்டி' என்று இளைஞர் கூறும் இதனைத் தனிமுயற்சி இசை எனலாம். இவற்றுள் பல மின்னிசை. இவற்றை எவ்வாறு மதிப்பிடுவது? விதிகளை அடுக்குவதைவிட, உலகம் ஒருமுறை தவறவிட்டு மறுமுறை தவறாகப் புகழ்ந்த ஓர் இசைத்தட்டைச் சற்று விரிவாக ஆராய்வது பயன்தரும்.

பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் கருவி வாசித்து வந்தவர் சரண்ஜித் சிங். ஆர்.டி.பர்மன் முதலிய இசையமைப்பாளர்களுக்கு வாசித்தவர். திரைப்பட மெட்டுகளைக் கருவியில் இசைத்துத் தட்டுகளும் வெளியிட்டவர். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ரோலண்டு கம்பெனியார் செய்த மூன்று கருவிகள் அவர் கைக்கு வந்தன. ஒன்று டி.ஆர்.808 என்னும் தாளப்பெட்டி. மற்றொன்று டி.பி.303 என்னும் சிறு பெட்டி. தனியே கித்தார் வாசிப்பவர்க்குத் துணையாகத் தாழ்ந்த சுரங்களைத் தானே ஒலிக்கவென்று செய்யப்பட்டது. மூன்றாவது ஜூப்பிட்டர் 8 என்னும் மின்னிசைக் கருவி. இம்மூன்றையும் இணைத்து அவர் 1982-இல் செய்ததுதான் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்னும் இசைத்தட்டு. டிஸ்கோ அடிக்குப் பத்து இராகங்கள் என்பது பெயரின் பொருள். அக்காலத்துத் திரைப்படங்களில் டிஸ்கோ மலிந்திருந்தமையால், தபலாவை நிறுத்திவிட்டு அந்த அடிக்கே இராகங்களை வாசித்தால் என்ன என்று எண்ணியதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். எண்ணம் இவ்வளவு எளியதே.

தட்டு விலைபோகவில்லை. டி.பி.303 கருவியும் விலைபோகவில்லை. கித்தாரின் துணையாக அது யாருக்கும் பிடிக்காமற்போகவே 1984-இல் அதனைச் செய்வதை நிறுத்திவிட்டனர். ஆயினும் பழைய பொருட்கடைகளில் மலிவாகக் கிடைத்த அப்பெட்டியைச் சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர் வாங்கி, அதன் குமிழ்களைத் திருகித் திருகி, யாரும் கேட்டிராத ஒரு நெளிவோசையை எழுப்பினர். ஃபியூச்சர் என்னும் குழுவினர் 1987-இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' என்பது அவ்வகையில் புகழ்பெற்றது. 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசைவகை அதிலிருந்து பெருகி ஐரோப்பாவை அடைந்தது.

2010-இல் பாம்பே கனெக்சன் என்னும் சிறிய டச்சு நிறுவனம் சரண்ஜித் சிங்கின் தட்டை மீண்டும் வெளியிட்டபோது மேனாட்டுத் திறனாய்வாளர் திகைத்தனர். அதே பெட்டிகள், அதே நெளிவோசை, ஆனால் சிகாகோவுக்கு ஐந்தாண்டு முற்பட்டது! இக்காலத்து ஐரோப்பிய இசைஞர் ஒருவர் செய்த ஏமாற்று வேலையாக இருக்கும் என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். ஐயம் தெளிந்தபின், ஆசிட் ஹவுஸின் முன்னோடி, காலத்தை முந்திய தீர்க்கதரிசி என்று புகழ்மாலை சூட்டினர். முதியவராகிவிட்ட அவர் ஐரோப்பிய மேடைகளில் அவ்விசையை மீண்டும் வாசித்தார்; 2015-இல் மறைந்தார்.

ஒரு கலைஞர் தம் வாழ்நாளுக்குள்ளேயே புகழ்பெற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அப்புகழுரைகளில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. 'இது எதைப் போல இருக்கிறது' என்று கேட்டார்களேயன்றி, 'இது ஏன் இவ்வாறு இருக்கிறது' என்று கேட்டவர் சிலரே. சிகாகோவைப் போல இருக்கிறது என்றவுடன் கேள்வி முடிந்துவிட்டது. பம்பாயில் இருந்தவர் சிகாகோவுக்கு ஒரு முன்னோட்டமாகிவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட பத்து இராகங்களும் தட்டின் மேலுறைக்கு ஒப்பனையாகிவிட்டன.

ஏன் இவ்வாறு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை இராகத்தில் இருக்கிறது.

மேனாட்டு டிஸ்கோப் பாட்டில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். அடித்தளம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்ந்து, சுற்றி, மீண்டும் வீட்டுக்கு வரும். நம் இராகத்துக்கோ வீடு ஒன்றே. தம்பூரா ஆதார சுருதியை விடாது ஒலித்துக்கொண்டிருக்க, அதன்மேல்தான் இராகம் எழும். அடித்தளம் பெயர்ந்தால் இராகம் கலைந்துவிடும். ஆகவே இராகத்தை டிஸ்கோவில் ஏற்ற முனைந்தவர் டிஸ்கோவின் சுரக்கூட்டுகளைக் கழித்தே ஆகவேண்டும். கழித்தபின் எஞ்சுவது யாது? நான்கு சமமான அடிகளும், ஆதார சுருதியைச் சுற்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஒரு தாழ்ந்த சுரவரிசையுமே. டி.பி.303 இங்கே கித்தாரின் துணையன்று, அது தம்பூராவாகிவிட்டது. நிலைபெற்ற அடி, பெயராத அடித்தளம், மேலே நெளியும் ஓசை என்னும் அதே இடத்தைச் சிகாகோ இளைஞர் வேறு வழியில், நடனக் கூடத்தின் தேவைக்காக, அடைந்தனர். இருவர் ஓரிடத்தில் சந்தித்தனர் என்பதுதான் உண்மை. ஒருவர் மற்றவர்க்குக் கட்டியம் கூறினார் என்பதன்று.

இனி, தட்டின் தரம். எல்லா இராகங்களும் ஒருபடித்தாக அமைந்துவிடவில்லை. பூபாளி சிறப்பாக வந்திருக்கிறது. (வடநாட்டுப் பூபாளி நம் மோகனத்துக்கு ஒப்பானது, பூபாளம் வேறு. பெயர் கண்டு மயங்கவேண்டா.) மோகனத்தை முல்லைப் பண்ணென்று ஆராய்ச்சியாளர் கூறுவர். ஐந்தே சுரங்கள், ஒவ்வொன்றும் வெளிச்சமானது, விரைந்து ஓடினாலும் முகம் மாறாது. இந்தோளத்துக்கு ஒப்பான மால்கௌன்ஸ், வலசிக்கு ஒப்பான கலாவதி, ரேவதிக்கு ஒப்பான பைராகி ஆகியனவும் ஐந்து சுர இராகங்களே. இவற்றில் கீழே ஓடும் சுரவரிசைக்கும் மேலே ஓடும் மெட்டுக்கும் பூசல் இல்லை. பஞ்சமம் இன்றி இரண்டு மத்திமங்களை அடுத்தடுத்துக் கொண்ட லலித்தை எடுத்தது துணிச்சல். அந்த நெருடலான இடத்தைக் கருவி கூசாமல் தொடுகிறது.

தோடியில்தான் வழுக்குகிறது. வடநாட்டுத் தோடி நம் சுபபந்துவராளியைச் சார்ந்தது. அதன் காந்தாரம் வழக்கமான இடத்துக்கும் சற்றுத் தாழ நிற்கவேண்டும். அந்தத் தாழ்வில்தான் அதன் துயரம் இருக்கிறது. கட்டைகளை உடைய கருவியில் காந்தாரத்துக்கு வைத்த இடம் வைத்ததுதான். ஆர்மோனியத்தின் மேல் நம்மவர் கூறிய பழைய குற்றச்சாட்டும் இதுவே. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது; 1971-இல்தான் தடை தளர்ந்தது. ஆர்மோனியப் பெட்டிக்கு எதிராக எழுப்பிய வழக்கையே மின்பெட்டிக்கும் எதிராக எழுப்புவோர் இன்றும் உளர். வழக்கு முற்றும் பொய்யன்று என்பதற்கு இத்தோடியே சான்று. ஆனால் முற்றும் மெய்யும் அன்று. டி.பி.303 கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அமைப்பு ஒன்று உண்டு. ஆர்மோனியத்தால் இயலாத அவ்வழுக்கலை இப்பெட்டி செய்கிறது. கமகம் என்று அதனைச் சொல்லிவிட முடியாது. கமகத்தின் நிழல் எனலாம்.

இதனினும் பெரிய குறை தாளத்தில் இருக்கிறது. நான்கு அடியும் ஒரே பலத்தில் விழுகின்றன. தாள வட்டம் சுற்றிவந்து எடுப்பில் சேரும்போது கேட்போர் தலை தானே அசையுமே, அந்தச் சேர்க்கை இத்தட்டில் இல்லை. எல்லா அடியும் எடுப்பானால் எடுப்பென்று ஒன்று இல்லை. ஆலாபனைக்கும் இடமில்லை, கதவைத் திறந்தவுடன் கூடத்தில் நிற்கிறோம். சில இடங்களில் மெட்டு, விரைவாகச் சொல்லப்பட்ட சரளி வரிசையாகவே நின்றுவிடுகிறது. முன்னோடி என்று முடிசூட்டியவர்கள் இவற்றைக் கூறவில்லை. 1982-இல் வாங்காமற் போனவர்களும் இவற்றைக் கேட்டு ஒதுக்கினர் என்பதற்கில்லை. கேட்காமல் ஒதுக்கியதற்கும் கேட்காமல் புகழ்ந்ததற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன.

இவ்வளவும் பிறர் குற்றம். என் குற்றம் ஒன்றும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்துச் சென்ற மாணவர் ஒருவர், தாம் கணினியில் செய்த இசையைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டினார். அடி கனமாக விழுந்துகொண்டிருந்தது. அடியில் ஏதோ ஒன்று முனகிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தது. இரண்டு நிமிடம் கேட்டேன். "இதில் தமிழ் எங்கே தம்பி?" என்று கேட்டேன். அவர், "பாட்டு இல்லீங்க ஐயா, வெறும் இசைதான்" என்றார். சொற்களைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை.

சரண்ஜித் சிங்கின் தட்டை ஆராய்ந்து கொண்டிருந்தபோதுதான், அடியில் வழுக்கிச் செல்லும் அவ்வோசையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்னும் எண்ணம் எழுந்தது. அம்மாணவரின் இசையில் கேட்டிருந்தேன். அதற்கும் முன்னே, ஆண்டுதோறும் தைப்பூசத்திலும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் கேட்டிருந்தேன். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் இழுவை அது! கணினியைக் கொண்டு உறுமியை உறுமச் செய்ய முயன்றிருக்கிறார் அந்தப் பிள்ளை. தண்ணுமையாசிரியன் இலக்கணத்தைப் பல முறை வகுப்பில் நடத்திய எனக்கு அது காதில் ஏறவில்லை. 'தமிழ் எங்கே' என்று கேட்டேன். தமிழ்தான் முனகிக்கொண்டிருந்தது.

அவரைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்பினேன். பழையது அழிந்துவிட்டதாம், புதியது ஒன்றை அனுப்பியிருந்தார். முன்பு செய்யாததை இம்முறை செய்தேன். நான்கு முறை கேட்டேன். ஆறு நிமிட இசை. மூன்றாம் நிமிடம் வரையில் உறுமி தலைகாட்டவில்லை. அவ்வளவு நேரம் ஒளித்துவைக்கத் தேவையில்லை. தாளப்பெட்டியின் நான்கு அடியும் ஒழுங்காக விழும்போது, உறுமி அதற்கு ஒத்துப்போகாமல் பின்னுக்கு இழுக்கும் ஓரிடம் வருகிறது. சரண்ஜித் சிங்கிடம் நான் காணாத சேர்க்கை அங்கே இருக்கிறது. இழுத்து இழுத்து இரண்டும் ஒருசேர விழும்போது தலை தானே அசைகிறது. ஆனால் நான்கு சுற்றிலேயே அது முடிந்துவிடுகிறது. இன்னும் பன்னிரண்டு சுற்றுக்கு அதைக் கொண்டு செல்லலாம். இறுதியில் சேர்த்திருக்கும் வயலின் கூட்டம் திரைப்படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, அதை எடுத்துவிடலாம்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். உறுமிப் பகுதியை நீட்டிப் பார்ப்பதாகவும், வயலினை எடுக்க முடியாதென்றும் மறுமொழி வந்திருக்கிறது.