‘பிரேக் டவுன்’: ஓர் ஆங்கிலத் தொடர்வினையும் தமிழ் வினைத்தேர்வும்

1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தின்வழி நாள்தோறும் சிங்கப்பூருக்குச் சென்று திரும்புவோர்க்கு ‘பிரேக் டவுன்’ என்பது அகராதி பார்த்து அறிய வேண்டிய தொடர் அன்று. நடுவழியில் பேருந்து நின்றுவிட்டால் இத்தொடரோ, ‘ரோசாக்’ என்னும் மலாய்ச் சொல்லோ உடனே வாயில் வந்துவிடும்.

சிக்கல் எழுத்துத் தமிழில்தான் எழுகின்றது. ஆங்கிலம் - தமிழ் அகராதிகள் பெரும்பாலும் பழுதாதல், முறிதல், தகர்த்தல், பகுத்தல், நிலைகுலைதல் எனப் பொருள்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கிச் செல்கின்றன. ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றும் இவை ஒன்றற்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவை அல்ல. பொறி பழுதாகும்; பேச்சுவார்த்தை முறியும்; பூட்டிய கதவைத் தகர்ப்பர்; செலவுக் கணக்கை இனவாரியாகப் பகுப்பர்; இழப்புச் செய்தி கேட்டவர் நிலைகுலைந்து அழுவார். ஆங்கிலம் ஒரே தொடருள் அடக்கியதைத் தமிழ் தனித்தனி வினைகளாகவே வைத்திருக்கின்றது. இவ்வேறுபாட்டைக் காட்டாத அகராதியை நம்பி ஒரு மாணவன் ‘பேச்சுவார்த்தை பழுதானது’ என்று எழுதினால், அப்பிழையை அவன்மீது மட்டும் சுமத்தலாமா?

திவாகர நிகண்டு ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதியைத் தனியே வகுத்தது. பல பொருள் தரும் சொல்லைத் தனித்து நோக்க வேண்டும் என்னும் தெளிவு அதில் உண்டு. எனினும் நிகண்டு மனனத்திற்குரியது. சொல் வாக்கியத்தில் வழங்கும் இடத்தை அது காட்டுவதில்லை. நம் இருமொழி அகராதிகள் நிகண்டின் அடுக்குமுறையைக் கைக்கொண்டு அதன் பகுப்பைக் கைவிட்டன என்பது என் கருத்து. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தந்தது. ஆயின் அது தமிழ்ச்சொல்லிலிருந்து தொடங்குவது.

நேர்மொழிபெயர்ப்பு அனைத்தும் தவறு என்றும் கூறவியலாது. ‘மனம் உடைந்தார்’ தமிழ் வழக்கே. ‘மனம்’ விடுபட்டு ‘அவர் உடைந்துவிட்டார்’ என எழுதும்போது ஆங்கிலத்தின் நிழல் படிகின்றது. அதனையும் விலக்க நான் துணியேன்.

வகுப்பறையில் ‘விட்டுக்கொடு’ என்பதிலிருந்து தொடங்கலாம். ‘விடு’, ‘கொடு’ இரண்டும் அறிந்த பிள்ளையாலும் அவற்றைக் கூட்டி அதன் பொருளைப் பெறவியலாது. தொடர்வினை ஆங்கிலத்திற்கே உரிய புதிர் அன்று என்பது அப்போது புலப்படும். பின்னர்ப் பொறி, பேச்சுவார்த்தை, கதவு, கணக்கு எனப் பெயர்களை மட்டும் தந்து வினையை நிரப்பச் செய்யலாம். ஜொகூர் பாருவில் ஆசிரியர் சிலரிடம் இப்பயிற்சியை வைத்தபோது ‘மணவாழ்வு’ என்ற பெயரில் அனைவரும் நின்றுவிட்டனர். முறியும் என்றனர் சிலர். குலையும் என்றனர் சிலர். தேநீர் இடைவேளையிலும் அது தீரவில்லை.