எலிக்காய்ச்சல் ஆய்வும் எட்டாத ஏடும்

அறிவு யாருக்குச் சொந்தம் என்று மேடையில் முழங்குவது எளிது. அதைவிட, நாம் வாழும் இந்தத் தீவுகளில் நடந்த இரண்டு ஆய்வுகளை எடுத்து வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பது பயனுள்ளது. இரண்டும் அந்தமானின் நோய்களைப் பற்றியவை. இரண்டிலும் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையத்தினர் பங்குகொண்டனர். ஒன்றை எவரும் காசில்லாமல் படிக்கலாம். மற்றொன்று சந்தா கட்டியவருக்கே. இந்த வேறுபாடு நியாயமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வட அந்தமான் கொடுத்தது

1988 முதல் வட அந்தமானில் திக்லிப்பூர் பக்கத்தில் ஒரு காய்ச்சல் மழைக்காலத்தை ஒட்டித் தலைகாட்டியது. நுரையீரலில் இரத்தம் கசிந்து ஆட்கள் இறந்தார்கள். காரணம் தெரியாததால் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர் வைத்தனர். அது லெப்டோஸ்பைரா கிருமியால் வரும் எலிக்காய்ச்சல்தான் என்பதை 1990களில் மண்டல மையத்தார் நிறுவினர். சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவனைப் பிடிக்கும் நோய் இது.

அடுத்து, வாரம் ஒரு மாத்திரை கொடுத்தால் நோயைத் தடுக்கலாமா என்று சோதித்தார்கள். 782 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், மறு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இப்படி 12 வாரம் நடந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 3.11 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 6.82 சதவீதம் பேருக்கும் நோய் கண்டது. ஆனால் கிருமி உடலில் புகுவது மட்டும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அதாவது மாத்திரை நோயின் கடுமையைத் தடுக்கும், கிருமி தொற்றுவதைத் தடுக்காது. 'மாத்திரை போட்டாச்சு, இனி பூட்ஸ் வேண்டாம்' என்று வயலில் இறங்கிவிட முடியாது.

இத்தனை அரிய முடிவு 2000ஆம் ஆண்டு எல்செவியர் வெளியிடும் ஒரு பன்னாட்டுச் சந்தா இதழில் அச்சேறியது. அதன் சுருக்கத்தை யாரும் படிக்கலாம். சோதனையை நடத்திய விதம், பக்கவிளைவு, இடையில் விலகியவர் கணக்கு ஆகிய விவரமெல்லாம் முழுக்கட்டுரைக்குள் இருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் ஊருக்கு மாத்திரை கொடுக்கலாமா என்று யோசிக்கும் கிராமத்து மருத்துவருக்குத் தேவையானது அந்த உள்விவரம்தான். இத்தகைய இதழ்களில் ஒரே ஒரு கட்டுரையை விலைக்கு வாங்கினாலும் பெரும்பாலும் முப்பது டாலரைத் தாண்டிவிடும்.

இதற்கு நேர்மாறானது இரண்டாவது ஆய்வு. 2006இல் சிக்குன்குனியா இங்கே பரவியபோது பலருக்கு மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது நினைவிருக்கும். அதைப் பற்றிய குறிப்பு 2007இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தும் 'எமர்ஜிங் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்' இதழில் வந்தது. அவ்விதழ் வாசகரிடமும் காசு வாங்குவதில்லை, எழுதியவரிடமும் வாங்குவதில்லை. அமெரிக்கரின் வரிப்பணம் நம் தீவின் செய்தியை நமக்குத் திறந்து வைத்திருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடந்த ஆய்வோ நமக்கே பூட்டிக் கிடக்கிறது. இதை என்னவென்று சொல்ல!

பழி யார்மேல்?

ஆய்வாளர்களைக் குறை சொல்வது முறையாகாது. 'திறந்த அணுகல்' என்ற கொள்கைக்கு உலகறிந்த வடிவம் கிடைத்த புடாபெஸ்ட் அறிக்கையே 2002 பிப்ரவரியில்தான் வந்தது. பதவி உயர்வுக்கும் நிதிக்கும் வெளிநாட்டு இதழின் பெயரே எடைக்கல்லாக இருக்கும்போது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சொந்த இதழான 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' வாசகரிடம் கட்டணம் கேட்பதில்லை என்பதையும் பாராட்டத்தான் வேண்டும். குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது. ஆய்வுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு, இரத்தம் கொடுப்பது மக்கள், கட்டுரைகளைப் பெரும்பாலும் இலவசமாக மதிப்பிட்டுத் தருவது சக அறிஞர்கள். கடைசியில் விலை வைப்பவர் மட்டும் வேறொருவர்.

சாவி வாங்கினால் போதுமா?

'அதான் அரசு வாங்கிக் கொடுத்துட்டாங்களே' என்று சிலர் கூறலாம். உண்மைதான். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்கும். சிறு ஊர்க் கல்லூரி மாணவனுக்கு இது பெரிய வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் என் வாதம் இதுதான்: இது வாடகைக்கு எடுத்த சாவி. கெடு முடிந்தால் மறுபடி பணம் கட்ட வேண்டும். நிறுவனத்தில் பெயர் உள்ளவருக்கே அது செல்லும். தனியாக மருத்துவம் பார்க்கும் டாக்டர், பத்திரிகைக்காரர், பஞ்சாயத்து உறுப்பினர், டெலானிபூரில் குடியிருக்கும் என் போன்ற சாதாரண வாசகன் எல்லாரும் வெளியேதான்.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல் என்பது காவல் காப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றின் அடிப்படை. பழைய மேலைநாட்டு நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டிவைத்த வழக்கத்தை அவர் எடுத்துக்காட்டினார். அந்த அளவுகோலால் பார்த்தால், இன்றைய சந்தா இதழும் சங்கிலியிட்ட புத்தகமே. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி வந்து இணையம் வேகமெடுத்தது. வேகமாகப் போய்ப் பூட்டிய கதவில் முட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

எழுதியவரே பணம் கட்டித் திறந்துவிடும் முறையும் எனக்கு உடன்பாடில்லை. 'நேச்சர்' இதழ் 2020இல் அதற்கு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. வாசகன் வாசலில் இருந்த பூட்டைக் கழற்றி எழுதுகிறவன் வாசலில் மாட்டிய கதைதான்.

இவ்விரண்டும் அல்லாத வழி ஒன்று உண்டு. எந்த இதழில் வந்தாலும், ஏற்கப்பட்ட கைப்பிரதியைத் தம் நிறுவனத்தின் பொதுக் களஞ்சியத்தில் ஆய்வாளர் வைத்துவிடுவது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே இதற்குக் களஞ்சியம் அமைத்தது. ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2006இல் இதைக் கட்டாயமாக்கியது. சென்னையில் இருந்துகொண்டு சுப்பையா அருணாசலம் பல ஆண்டுகள் வலியுறுத்தியதும் இதையே. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் இதைக் கொள்கையாகவே வெளியிட்டன. செலவு சொற்பம், வேண்டியது உறுதி.

நம் பங்கு

'அதெல்லாம் டாக்டருங்க படிக்கிறது, நமக்கெதுக்குங்க?' என்று நம்மவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. திறந்து வைத்த கட்டுரையும் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது? ஆனால் மூலத்தை முழுதாகப் படிக்க முடிந்தால்தான் ஒரு மருத்துவரோ ஆசிரியரோ அதை நமக்குத் தமிழில் பிழையின்றிச் சொல்ல முடியும். சுருக்கத்தை மட்டும் பார்த்தவர் வாயிலிருந்து அரைகுறைச் செய்திதான் வரும்.

எனவே சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். தீவு மக்களின் உடலிலிருந்து பெற்ற ஒவ்வொரு ஆய்வு முடிவும் பொதுக் களஞ்சியத்தில் இடம்பெற வேண்டும் என்று உரியவர்களுக்கு எழுதுவோம். கிடைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு பக்கத் தமிழில் ஆக்கி, அடுத்த மலரிலிருந்தே அச்சிடுவோம். திக்லிப்பூர் வயலில் இரத்தம் கொடுத்தவருக்கு, அதில் என்ன கண்டார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதை யாரும் தயவாகத் தர வேண்டியதில்லை.