தேய்ந்த எண்ணும் சாய்ந்த ஒளியும்

இந்தியாவிலிருந்து ஆள்கட்டி இலங்கை மலையகத்துக்குக் கொண்டுவந்த காலத்தில் தொழிலாளிக்கு ஒரு சின்னத் தகர வில்லை கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் எண், ஆளின் எண். மண்டபம் முகாம் தாண்டி அட்டன் வரை ஏறிவந்த பலரின் பயணத்துக்கு அப்படிப்பட்ட வில்லையே சாட்சி. அதைச் சுரண்டாமல், அமிலம் படாமல் படிக்கத் தெரிந்த அறிவியல்மீது எனக்குத் தீராத பிரியம்.

முதலில் சாய்வு ஒளி. விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். துரு அரித்த எண்ணின் ஒவ்வொரு விளிம்பும் நிழல் போடும். 3 என்று நினைத்தது 8 என்று தெரியவரும். ஓர் ஆளே மாறிவிடுகிறார்!

அடுத்தது எக்ஸ்-கதிர் ஒளிர்வு. கதிர் பட்டதும் அணுவின் உள்வட்ட இலத்திரன் தெறிக்கும்; அந்த வெற்றிடம் நிரம்பும்போது ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய ஆற்றலை உமிழும். இரும்பு 6.4, நாகம் 8.6, வெள்ளீயம் 25.3 கிலோ இலத்திரன்வோல்ட்டு. இரும்புத் தகட்டில் பூசியது வெள்ளீயமா நாகமா என்பது நிமிடங்களில் தெரியும். மேற்பரப்பை மட்டுமே காண்பதால் துரு ஏமாற்றக்கூடும்; அனுபவசாலி பல இடங்களில் அளப்பார்.

கல்பாக்கம் அணு விஞ்ஞானிகள் சென்னை அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைச் சேதமின்றி ஆராய்ந்தார்கள். கம்பளைப் பக்கம் லயக் காம்பராவில் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் இப்படிப்பட்ட ஆய்வுக் கருவிகள் வரவேண்டும். உங்கள் பாட்டியின் பெட்டியில் ஒரு வில்லை கிடந்தால் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.