சிக்கந்தர் பேகத்தின் ஹஜ்ஜுப் பயண நூல்

போபால் சமஸ்தானத்தை ஆண்ட நவாப் சிக்கந்தர் பேகம், 1863-64இல் தாம் ஹஜ்ஜுக்குச் சென்று வந்த வரலாற்றை உருதுவில் எழுதினார். டூரண்ட் என்னும் ஆங்கில அதிகாரியும் அவர்தம் துணைவியாரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதப்பட்டது அது. பேகம் மறைந்து ஈராண்டு கழித்து, 1870இல் ஆங்கிலத்தில் அச்சேறியது. மொழிபெயர்த்தவர் போபாலிலிருந்த ஆங்கிலேய அரசியல் ஏஜண்டின் மனைவியார். அரச குடும்ப வரலாற்றை எழுதிச் சேர்த்தவர் அந்த ஏஜண்டே.

ஜித்தாவின் அசுத்தம், சுங்கத்தாரின் கெடுபிடி, ஷரீபின் ஆட்களது பேராசை ஆகியவற்றை நூல் ஒளிவுமறைவின்றிச் சாடுகிறது. ஆங்கிலேயரை மகிழ்விக்கவே பேகம் புனித பூமியைக் குறை கூறினார் என்று எண்ணத் தோன்றும். போபால் 1818இல் கும்பினியோடு உடன்படிக்கை செய்துகொண்ட அரசு. 1857இல் பேகம் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். 1860இல் அவர்கள் அவரையே முழு உரிமையுள்ள ஆட்சியாளராக ஏற்றனர். ஆகவே அவ்வையம் அடிப்படையற்றதன்று.

எனினும் அரபு இலக்கியம் அறிந்தோர் இம்முடிவை அப்படியே ஏற்கமாட்டார்கள். 1183இல் ஹிஜாஸ் சென்ற அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், ஹாஜிகளிடம் பணம் பறித்தோரைப் பேகத்தினும் கடுமையாகக் கண்டித்துள்ளார். எந்த ஆங்கிலேயரை மகிழ்விக்க அவர் அவ்வாறு எழுதினார்? புனிதத் தலத்தின்பால் கொண்ட பக்தி வேறு. அதை நிர்வகிப்போரின் குற்றத்தைச் சுட்டுதல் வேறு. 'ரிஹ்லா' எனும் பயண இலக்கியம் இவ்வேறுபாட்டை என்றும் பேணியே வந்துள்ளது.

துருக்கி சுல்தான் இரு ஹரம்களுக்கும் ஆண்டுதோறும் அளிக்கும் முப்பது லட்சம் ரூபாய் தம் கைக்கு வந்தால் மக்காவைச் சீர்படுத்திக் காட்டுவேன் என்கிறார் பேகம். இது துதிபாடியின் குரலன்று; கணக்கும் காவலும் அறிந்த ஆட்சியாளரின் குரல்.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. இப்னு ஜுபைர் தம் சமுதாயத்தை நோக்கி எழுதினார். பேகமோ தம் மேலாதிக்கத்தாரை நோக்கி எழுதினார். வழிப்பறி அச்சத்தால் மதீனா செல்லாமலே திரும்பினார் அவர். ரவ்ளாவைக் காணாது மீண்ட ஒரு முஸ்லிமின் ஏக்கத்தை, அதன் அருமையறிந்த வாசகர்க்கு எழுதியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ!

அந்நிய ஆட்சி சிறு சமஸ்தானங்களிடமிருந்து பறித்தவை படையும் வரியும் மட்டுமல்ல. யாரிடம் மனம் திறப்பது என்னும் உரிமையும் அவற்றுள் ஒன்று. இந்நூலைப் படிப்போர் பேகம் கூறியதை நம்பலாம். கூறாது விட்டதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.