குருந்தத்துக்குள் தயங்கும் ஒளி

சித்தம்பூண்டியைப் பற்றி இப்போது யார் பேசினாலும் நிலாவில்தான் தொடங்குகிறார்கள். நாமக்கல் மாவட்டத்து அந்தப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கு இஸ்ரோ நிலவு மண் மாதிரியைத் தயாரித்தது. என் மனம் லயிப்பதோ, அதே பாறையில் செந்திட்டுகளாகப் பதிந்திருக்கும் குருந்தத்தில்.

பெரும்பாலும் மங்கலான கல்தான். பொடியாகி, அரக்கோடு சேர்ந்து, சாணைக்கல்லாகிக் கத்தி தீட்டும். ‘கொரண்டம்’ என்று உலகம் சொல்வது நம் சொல்லைத்தான். தெளிந்து, துளி குரோமியம் கலந்து பிறந்துவிட்டால் அதுவே மாணிக்கம். ஆசாரி வாயில் கெம்பு.

வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, தண்ணீரில் 2.25 லட்சமாகவும், கண்ணாடியில் ஏறக்குறைய 1.97 லட்சமாகவும் தளர்கிறது. குருந்தத்தில் 1.7 லட்சம்தான். வைரத்தில் இன்னும் குறைவு, 1.24 லட்சம். எவ்வளவு தளர்கிறதோ அவ்வளவு வளைகிறது. பட்டை தீட்டுபவரின் கைத்திறமெல்லாம் இந்த வளைவை வசப்படுத்துவதில்தான். குருந்தத்துக்குள் போன ஒளி அடிப்பட்டையில் செங்குத்திலிருந்து 34.5 பாகைக்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியேற வழியில்லை. திரும்பி நம் கண்ணுக்கே வரும். எடை குறையக் கூடாதென்று அடியைத் தட்டையாக விட்ட கல்லைப் பாருங்கள்: நடுவில் சன்னல் திறந்ததுபோல் வெளிறியிருக்கும், செய்தித்தாளில் வைத்தால் எழுத்து தெரியும். எனக்கு அது பொறுக்காது. கண்ணாடிக்கு அந்த எல்லை 41 பாகை. ஒளி இன்னும் சுலபமாக ஒழுகிவிடும். பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து மூடிப் பதித்தது, ஒழுகும் ஒளியைத் திருப்பி அனுப்பத்தான்.

வைரம்போல் மாணிக்கம் வானவில்லை வாரி இறைக்காது. எனக்கு அதுதான் பிடித்தது. ஒரே சிவப்பில் ஆழ்ந்துபோகலாம். ஆனால் அந்தச் சிவப்பும் ஒன்றல்ல. குருந்தத்தில் நுழையும் ஒளி பெரும்பாலான திசைகளில் இரண்டாகப் பிரிந்து, சற்றே வேறுபட்ட இரு வேகங்களில் நடக்கிறது. ஒன்று ஊதா கலந்த சிவப்பு, மற்றது ஆரஞ்சு கலந்தது. தேர்ந்தவர் முதலில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊதா கலந்த முகம் மேலே வரும்படி வைத்த பிறகுதான் சாணையில் கை வைப்பார். பிரிட்டிஷ் மணிமுடியில் மாணிக்கமென்று பெயர் பெற்ற பெருங்கல் உண்மையில் ஸ்பினெல் என்ற வேறொரு கல். அதற்குள் ஒளி இப்படிப் பிரிவதில்லை.

ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயில் கண்ணாடிக் கெம்பையும் குருந்தத்தையும் போட்டுப் பாருங்கள். எண்ணெயிலும் கண்ணாடியிலும் ஒளியின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கண்ணாடியின் விளிம்புகள் கரைந்ததுபோல் மங்கிவிடும். குருந்தத்தின் ஒவ்வொரு பட்டையும் கோடு போட்டதுபோல் நிற்கும்.