அகுர மஸ்தாவும் தீமையின் தோற்றமும்

பாரசீகத்துத் தொல்சமயங்களுள் ஒன்றாகிய சரதுஷ்டிர சமயத்தின் முழுமுதற் கடவுள் அகுர மஸ்தா ஆவர். 'அகுர' என்பது இருக்கு வேதத்தில் வருணன் முதலியோர்க்கு வழங்கும் 'அசுர' என்னுஞ் சொல்லோடு ஓரினமானது. தலைவன் எனப் பொருள்படுவது. 'மஸ்தா' ஞானத்தைக் குறிப்பது. இந்த ஞானத் தலைவரை நன்மைக்கு மட்டும் உரிய ஒரு பாதிக் கடவுளாகக் கொள்ளுதல் பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1843இல் பம்பாயில் யோன் வில்சன் பாதிரியார் வெளியிட்ட நூல், பார்சிகளின் சமயத்தை இருமைக் கொள்கையெனக் கண்டித்தது. 1862இல் செருமானிய அறிஞர் மார்ட்டின் ஹௌக் வேறு கூறினார். சரதுஷ்டிரரின் காதைப் பாடல்களில் இரட்டையராக வரும் நல்லாவியும் தீயாவியும் மஸ்தாவினிடத்தே ஒன்றுபட்டவை. அவருக்கு நேரெதிராக அக்ரிமனை நிறுத்தியது பிற்காலத்தார் செயல் என்பது அவர் முடிபு. மேரி போய்ஸ் அம்மையாரோ, 1975இல், தீயாவியும் படைக்கப்படாததென்பதே சரதுஷ்டிரர் கொள்கையென நிறுவ முயன்றார்.

ஹௌக்கின் கூற்றுக்கு ஆதாரமில்லாமலில்லை. மேலே ஒளியில் ஓர்மஸ்தும் கீழே இருளில் அக்ரிமனும் இருந்தனரெனக் கூறுவது பகலவி மொழி நூலாகிய புந்தகிஷ்ணே. காதையிலோ, 44ஆம் யஸ்னம், ஒளியையும் இருளையும் ஆக்கியவர் யாவரென மஸ்தாவையே வினவுகின்றது. அவரே என்பது அவ்வினாவின் குறிப்பு. ஆயின், ஹௌக் கூறியவாறு கொள்ளின் தீமைக்கும் மஸ்தாவே காரணராய் முடிவர். காதை அவரை நல்லாவியின் தந்தையென்கிறது. தீயாவியின் தந்தையென யாண்டும் வெளிப்படக் கூறிற்றிலது.

இருதிறத்தாரும் ஆவிகளின் பிறப்பை ஆராய்ந்த அளவிற்கு அவற்றின் செயலை ஆராய்ந்திலர். 30ஆம் யஸ்னம் இரட்டையரின் இயல்பைக் கூறியதோடமையாது, அவ்விருவரும் தத்தம் நெறியைத் தெரிந்துகொண்டனர் என்றுங் கூறுகின்றது. நல்லாவி 'அஷ' என்னும் வாய்மையொழுங்கைத் தெரிந்தது. தீயாவி மிகக் கொடியனவற்றைத் தெரிந்தது. எனவே காதையின் நோக்கில் தீமையானது படைத்தவரின் குறையன்று, தெரிந்தவரின் குற்றமாம். தீயாவி எங்ஙனந் தோன்றியதென்னும் வினா இதனால் முற்றும் விடுபடாதெனினும், மஸ்தாவின் நன்மையும் முதன்மையும் ஒருங்கே காக்கப்படுகின்றன.

அப்பாடல் மாந்தர் ஒவ்வொருவரையும் தமக்குரிய நெறியைத் தாமே தெரியுமாறு அழைக்கின்றது. கடவுளர் ஒருவரோ இருவரோவென எண்ணுவதில் முனைந்த ஆராய்ச்சி, சரதுஷ்டிரர் பெரிதும் வற்புறுத்திய இவ்வறத்தைப் பின்தள்ளிவிட்டது. நல்லெண்ணம், நன்மொழி, நற்செயல் மூன்றையும் பார்சிகள் இன்றும் தம் சமயத்தின் சாரமாகப் போற்றுதல் அவ்வழைப்பின் தொடர்ச்சியேயாகும்.